துண்டுக்கடியில் வாங்கின எஸ்டி

ராசிபுரத்துக்கு மேற்கே, சேலம் பஸ் நிற்கிற ஒரு சின்ன ஊரில் ஒரு காலத்தில் அர்த்தநாரி என்று கேட்டால் இரண்டு நிமிஷம் யோசிப்பார்கள். 'மேஜர்' என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். பட்டாளத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ஒருமுறை ஆள் எடுப்புக்குப் போய்த் திரும்பி வந்ததுதான். உயரம் போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்பது அவர் சொன்னது. மார்பு போதவில்லை என்பது அவர் மனைவி சௌந்திரம் சொல்வது. எதுவாக இருந்தாலும் தேசம் தப்பித்தது.

நாலு ஏக்கர் மரவள்ளி, ஒரு கிணறு, இரண்டு மாடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று தீபாவளி வரைக்கும் இது போதும் என்றுதான் அவர் இருந்தார். அந்தத் தீபாவளிக்குச் சௌந்திரத்தின் தம்பி நாமக்கல்லிலிருந்து புது பைக்கில் வந்தான். லாரி வைத்திருக்கிறவன். போகும்போது, "மாமா, ராசிபுரத்துல எறக்கி உட்டர்றேன், ஏறுங்க" என்றான். அர்த்தநாரி பின்னால் ஏறினார். வழி நெடுக ஆட்கள் கும்பிட்டார்கள். எல்லாக் கும்பிடும் முன்னால் இருந்தவனுக்குப் போயிற்று. பின்னால் இருந்தவருக்குப் புழுதி வந்தது. ராசிபுரத்தில் இறங்கி முகத்தைத் துடைத்தபோதே அவர் முடிவு பண்ணிவிட்டார்.

அந்த வருஷம் கிழங்குக்கு நல்ல விலை. ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் கிழங்கு இறக்கும்போது, எடை போடுகிறவர் ஒரு சேதி சொன்னார். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு எஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிள் விலைக்கு வருகிறதாம். நாலு வருஷம் ஓடின வண்டி. ஒரு கீறல் கிடையாது. ரோட்கிங் என்றால் அன்றைக்குப் பந்தய வண்டி என்று பேர். அது வருகிற சத்தம் முதலில் வரும், வண்டி அப்புறம் வரும்.

அர்த்தநாரி தனியாகப் போகவில்லை. தரகர் இல்லாமல் பெரிய பொருள் எதையும் அவர் குடும்பத்தில் யாரும் வாங்கினதில்லை. ஆகவே மாட்டுத் தரகர் கந்தப்பனைக் கூட்டிக்கொண்டார். கந்தப்பனுக்கு மோட்டார் சைக்கிளோடு ஒரே ஒரு முறை பழக்கம். சந்தையில் ஒன்று அவர் காலில் ஏறி இறங்கியிருந்தது.

"நாலு காலு இருந்தா என்ன, ரெண்டு உருளை இருந்தா என்ன? குத்தஞ் சொல்லத் தெரிஞ்சா வாங்கிப்போடலாம் மாப்ள" என்றார் அவர்.

மாட்டுச் சந்தையின் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வாங்க வந்தவன் மாட்டைத் திட்டுவான். பல் போய்விட்டது என்பான், சுழி கெட்டது என்பான். அது பொய் என்று விற்கிறவனுக்குத் தெரியும், தெரியும் என்பது வாங்குகிறவனுக்கும் தெரியும். யாருக்கும் வருத்தம் கிடையாது. விலையை மட்டும் வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு கைகளையும் சேர்த்துத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று. இரண்டு விரல் என்றால் இரண்டு. முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தால் தெரியும். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்குள்ளேயே இருக்கும். நாணயமான ஏற்பாடுதான். ஒரே நிபந்தனை, இரண்டு கைக்கும் அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டும்.

அஸ்தம்பட்டி வீட்டில் குமாரசாமி என்ற பெரியவர் இருந்தார். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, "பஸ்ஸுல கூட்டமுங்களா சாமி?" என்று விசாரிக்கிற மனிதர். அவர் மகள் வசந்தாமணி கொட்டகையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். கறுப்பு வண்டி. பெட்ரோல் டாங்கில் வேப்பமரம் தெரிந்தது. கந்தப்பனின் மூக்கும் தெரிந்தது.

கந்தப்பன் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். பின் பக்கம் குனிந்து செயின் சக்கரத்தின் பற்களைப் பார்த்தார். தேயவே இல்லை. ஆகவே நிமிர்ந்து, "பல்லெல்லாம் போயிருச்சுங்களே" என்றார். சீட்டைத் தட்டினார். முன் விளக்கை வெகுநேரம் முறைத்தார். சுழி தேடினாரோ என்னவோ.

"ஏனுங்க, பையன் ஓட்டுனதுங்களா?"

"பையன் இல்லீங்க. இவதான் ஓட்டுனா. பெண்கள் ஸ்கூல்ல டிரில் டீச்சர். அவ சம்பளத்துல வாங்குன வண்டி" என்றார் குமாரசாமி. அதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கந்தப்பன் தேடிக்கொண்டிருந்த குற்றம் தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது.

"அப்படிச் சொல்லுங்க. பொம்பளை ஓட்டுன வண்டி. இதுல இன்னொரு ஆம்பளை ஏறிப் போனா ஊருக்குள்ள என்னன்னு பேசுவாங்க?"

"வண்டிக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நீங்களா போய்ச் சொல்லாம இருந்தீங்கன்னா ஊருக்கும் தெரியாது" என்றாள் வசந்தாமணி. அதில் கோபம் இல்லை. பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கிற குரல். "வெல ஏழாயிரமுங்க. மாப்பிள்ளை ஊட்டுல வண்டி வேண்டாம்னு சொல்றாங்க. இல்லீன்னா நான் கொடுக்கவே மாட்டேன்."

இருவருக்கும் காபி கொடுத்துவிட்டு, ஆர்.சி. புத்தகம் எடுக்க உள்ளே போனாள்.

இந்த இடத்தில்தான் கந்தப்பன் தோளிலிருந்து துண்டை உருவினார். பழக்கம். விலை என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவர் கை தானாகத் துண்டைத் தேடும். பெண்பிள்ளையிடம் நீட்ட முடியாத கையைத் துண்டால் மூடிப் பெரியவரிடம் நீட்டினார். குமாரசாமி ஒரு கணம் அந்தத் துண்டைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று, துண்டுக்குள் கையை விட்டு, கந்தப்பனின் கையை முழுசாகப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சந்தோசமுங்க" என்றார்.

"அஞ்சு. முடிஞ்சுதுங்க" என்றார் கந்தப்பன்.

அர்த்தநாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் விலை சொல்லவில்லை, வெறுமனே கை கொடுத்தார் என்பது அவருக்கு அந்த நொடியே தெரியும். சொல்லியிருக்கலாம். வாயில் காபி இருந்தது. ஒரு மடக்குக் காபியை விழுங்க எவ்வளவு நேரம் ஆகும்? அர்த்தநாரிக்கு ஐந்து வருஷம் ஆனது.

வசந்தாமணி புத்தகத்தோடு வந்தாள். "என்னப்பா அஞ்சு?"

"தெரியலையேம்மா. கை குடுத்தோம்."

"அய்யா கை குடுத்துட்டாருங்க அம்மிணி. அஞ்சு வெரலயும் புடிச்சுட்டாரு. எங்க பக்கம் கை குடுத்துட்டா மாத்தறதில்லீங்க" என்றார் கந்தப்பன்.

அவள் துண்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு கந்தப்பனை விட்டுவிட்டு அர்த்தநாரியைப் பார்த்தாள். அர்த்தநாரி டம்ளரின் அடியில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நீ ஏழுன்னல்ல சொன்ன?" என்றார் குமாரசாமி.

"அஞ்சுக்கே சம்மதந்தாம்பா. உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

சாவிக் கொத்தில் ஒரு பித்தளை விசில் தொங்கியது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு சாவியை மட்டும் கொடுத்தாள். கந்தப்பனுக்கு அது சரியாகவே பட்டது. மாட்டை விற்கிறவன் தலைக்கயிற்றைக் கொடுக்க மாட்டான். அப்புறம் அவள் அர்த்தநாரிக்கு வண்டியைச் சொல்லிக் கொடுத்தாள். உதைக்கிற லிவரையே மடக்கி உள்ளே தள்ளினால் அதுதான் கியர். அவர் பதினோரு முறை உதைத்தார். பந்தய வண்டி இருமியது. அவள் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு முறை உதைத்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

"காலைல ஒருக்காத் தொடைச்சுருங்க. வேறொண்ணும் கேக்காது" என்றாள்.

ஊர் வந்து சேர்ந்ததும் டீக்கடை சின்னுசாமி முதல் கேள்வியைக் கேட்டான். "யாரு வண்டி மாமா?"

நாலு பேர் நின்றார்கள். பொம்பளை ஓட்டுன வண்டி என்று கந்தப்பன் சொன்னது காதுக்குள் இன்னும் இருந்தது. கிழவரை ஏமாற்றி வாங்கினது என்பது அதற்கும் கீழே இருந்தது.

"அஸ்தம்பட்டில ஒருத்தரு. பட்டாளத்துக்காரரு. மேஜர்" என்றார் அர்த்தநாரி.

டீ குடித்துவிட்டுத் தனியாக வந்தபோது கந்தப்பன் கேட்டார். "எந்த மேஜர் மாப்ள? நாம் பாக்கலையே."

"உன்ற துண்டுக்குள்ளதான் கெடந்தாரு. நீ சரியாப் பாக்கல."

அர்த்தநாரி சொன்ன கதையில் அந்த மேஜர் முதல் மாதம் வெறும் மேஜராக இருந்தார். ஆறு மாதத்தில் அவருக்கு மீசை முளைத்தது. அடுத்த வருஷம் ஒரு நாய் வந்தது. அதற்கடுத்த வருஷம் இடது தொடையில் ஒரு குண்டு. முதலில் கந்தப்பன்தான் துண்டு போட்டு மேஜரிடம் பேரம் பேசினார். பிறகு இருவரும் சேர்ந்து பேசினார்கள். கடைசியில் கந்தப்பன் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார், அர்த்தநாரி ஒற்றை ஆளாக மேஜரின் இரும்புக் கையை மடக்கி ஏழாயிரத்தை ஐயாயிரமாக்கினார். கதை ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டில் போய்த்தான் முடிந்தது. ஆறாத புண்ணைச் சொறிகிற மாதிரி அங்கேயே போய் நின்றது. கேட்டவர்கள் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் வேறு விதம். வசந்தாமணியின் பேர் இருந்த ஆர்.சி. புத்தகத்தைப் பெட்டிக்குள், கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்திருந்தார். சௌந்திரம் அந்தச் சேலையை எடுக்கவே மாட்டாள் என்ற நம்பிக்கை. சௌந்திரம் எட்டாவது வரை படித்தவள். மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் தட்டை வைத்துவிட்டு, "மேஜரே, சாப்பிட வாங்க" என்றாள். அந்தப் பேரை முதலில் வைத்தது அவள்தான். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஐந்து வருஷத்தில் அர்த்தநாரி அந்த வண்டியில் சேலத்துக்குப் போனது இரண்டே முறை. இரண்டும் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியோடு சரி. மச்சான் ஒருமுறை ஏற்காடு போகலாம் என்றான். ஏற்காட்டுக்கு அஸ்தம்பட்டி வழியாகத்தான் போகவேண்டும். அர்த்தநாரிக்கு வயிற்று வலி வந்தது. ஆனால் ஒன்று. தினமும் பால் கறக்கிறதுக்கு முன்னால் வண்டியைத் துடைத்தார். பழைய வேட்டியால் சக்கரக் கம்பி ஒவ்வொன்றாக. "கட்டுன பொண்டாட்டிக்கு இந்த ஓசனை இல்ல" என்பாள் சௌந்திரம். அவர் துடைத்தது அழுக்கை மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ. துடைக்கத் துடைக்க அது பளபளவென்று ஆனது. வண்டியையும் சொல்லலாம், மற்றதையும் சொல்லலாம்.

எண்பத்தெட்டு டிசம்பரில் ஒரு மத்தியானம். நாமக்கல் போகிற பஸ் டீக்கடைக்கு முன்னால் பஞ்சர் ஆகி நின்றது. உள்ளேயிருந்து பன்னிரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் பந்தோடு இறங்கி ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். ஒரு விசில் கேட்டது. பன்னிரண்டும் வரிசைக்கு வந்தன. டீக்கடைப் பெஞ்சில் இருந்த அர்த்தநாரிக்கும் எழுந்து போய் வரிசையில் நிற்கவேண்டும் போல இருந்தது. பித்தளை விசில். அதற்குப் பின்னால் வசந்தாமணி.

அவள் முதலில் பார்த்தது வண்டியை. நம்பரைப் பார்த்தாள். டாங்கில் தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடைக்குள் வந்து ஒரு டீ சொன்னாள். அர்த்தநாரி எழுந்தார். சின்னுசாமி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"எங்க போறீங்க மேஜரே? பஸ்சனம் பூராச் சும்மா உக்காந்திருக்குது. அந்தத் துண்டுக் கதைய எடுத்து உடுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்குடா."

"வெக்கப்படறாரு. நாஞ் சொல்றேன்" என்றான் சின்னுசாமி. சொன்னான். மீசை, நாய், குண்டு, எதையும் விடவில்லை. கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் ஒரு கையால் தன்னுடைய இன்னொரு கையைப் பிடித்து நடித்துக் காட்டினான். பெண்கள் சிரித்தார்கள். வசந்தாமணி டீயைச் சொட்டு விடாமல் குடித்து டம்ளரை வைத்தாள்.

"ஒரு சந்தேகமுங்க" என்றாள். சின்னுசாமியிடம் அல்ல. "அந்த மேஜருக்கு இந்தத் துண்டு வழக்கம் தெரியுமுங்களா?"

ஐந்து வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. சின்னுசாமி அர்த்தநாரியைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவளும் விட்டுவிடுவாள் போலத்தான் இருந்தாள்.

"தெரியாதுங்க" என்றார் அர்த்தநாரி.

"அப்பறம் எப்படிங்க அஞ்சுன்னாரு?"

"அவரு சொல்லலீங்க. மரியாதைக்குக் கை குடுத்தாரு. நாங்க அத வெலைன்னு எடுத்துக்கிட்டோம். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன்."

சின்னுசாமி துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டான். "அப்பறம் அது பேரமில்லையே மாமா" என்றான். மேஜர் என்ற பேர் அந்த இடத்தில் செத்தது.

"அவரு மேஜரும் இல்லடா. இவங்க அப்பா. வண்டி இவங்க ஓட்டுனது."

"பொம்பளைப் புள்ள வண்டின்னு எங்களுக்குத் தெரியுமே. மூணாம் மாசமே சௌந்திரம் அக்கா சொல்லிருச்சு. நீங்க சொல்ற அழகுக்காகத்தான் கேட்டுட்டிருந்தோம்." சின்னுசாமி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். "இந்தச் சமாச்சாரந்தான் தெரியாது."

அர்த்தநாரிக்கு அப்போதுதான் விளங்கியது. ஐந்து வருஷமாக அவர் பூட்டு போட்டுக் காத்த ரகசியம் ஊர் முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் இருந்த ஒன்றை இப்போது அவரே பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால் சொல்லிவிட்டார். அவர் காது சிவந்ததைக் கடைசிப் பெஞ்சிலிருந்துகூடப் பார்க்க முடிந்தது.

வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று சாவியை நீட்டினார். "கொண்டு போயிருங்க அம்மிணி. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவள் சாவியை வாங்கினாள். ஒரு உதை. வண்டி பேசியது. பஸ்ஸையும் டீக்கடையையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாள். பன்னிரண்டு பெண்களும் கை தட்டினார்கள். சாவியைத் திருப்பி அவர் கையில் வைத்தாள்.

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

"கல்யாணமெல்லாம்..." என்று ஆரம்பித்து, ஏன் ஆரம்பித்தோம் என்று நின்றார்.

"மாப்பிள்ளை ஊட்டுல வண்டி இருக்கக் கூடாதுன்னாங்க, வித்தேன். வித்த பொறவு இவ்வளவுதான் வந்துதான்னு கேட்டாங்க. வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். அந்த வகைல உங்களுக்கும் உங்க தரகருக்கும் நான் கடமைப்பட்டிருக்கேனுங்க." சிரித்தாளா என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "அப்பாவுக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. இன்னமும் வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்காரு. முப்பது வருசம் ஆபீஸுல இருந்தேன், யாரும் ஒரு பொன்னாடை போத்துனதில்ல, ராசிபுரத்துலருந்து வந்தவங்க கைமேல துண்டு போட்டு மரியாதை பண்ணாங்கன்னு."

அர்த்தநாரி வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு வந்துட்டுப் போங்க. உங்களை விசாரிப்பாரு" என்றாள். விசில் ஊதினாள். பஸ் போயிற்று.

மறுநாளிலிருந்து டீக்கடையில் யாரும் அவரைக் கதை கேட்கவில்லை. மேஜர் என்றும் கூப்பிடவில்லை. அது அவருக்கு அந்தப் பேரைவிடக் கனமாக இருந்தது. பொங்கல் கழித்து ஒரு நாள் வண்டியை எடுத்தார். சௌந்திரம் எங்கே என்று கேட்டாள். "அஸ்தம்பட்டி" என்றார். அவள் உள்ளே போய் வெளுத்த துண்டு ஒன்றை எடுத்து வந்து அவர் தோளில் போட்டாள்.

குமாரசாமிக்கு இப்போது கண் மங்கலாகிவிட்டது. வண்டிச் சத்தத்தை வைத்தே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். "ராசிபுரத்துக்காரருங்களா? வாங்க சாமி, வாங்க" என்றார். அர்த்தநாரி வழி முழுக்க உருட்டித் தயார் பண்ணிக்கொண்டு வந்த வார்த்தைகள் இருந்தன. அன்னைக்கு நடந்தது மரியாதை இல்லீங்க என்று தொடங்கவேண்டும். வாயைத் திறந்தார். இந்தத் தடவை வாயில் காபிகூட இல்லை.

பெரியவர் கையை நீட்டிவிட்டார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. "துண்டு எங்கீங்க?" என்று கேட்டார். குழந்தை மிட்டாய் கேட்கிற மாதிரி.

கதவருகே வசந்தாமணி நின்றிருந்தாள். லேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. சொல்ல வேண்டாம் என்றா, துண்டு வேண்டாம் என்றா? அர்த்தநாரி தோளிலிருந்து துண்டை எடுத்தார். தன் கையின்மேல் போட்டு நீட்டினார்.

பெரியவர் உள்ளே கையை விட்டு, போன தடவை மாதிரியே முழுசாகப் பிடித்தார். அஞ்சு.

வெகுநேரம் குலுக்கினார். அர்த்தநாரி கையை எடுத்துக்கொள்ளவில்லை.